காலநிலை ஆய்வுக்கு வர விரும்பும் இயற்பியல் மாணவிக்கு

கேள்வி: இயற்பியல் இளநிலை கடைசி ஆண்டில் இருக்கிறேன். காலநிலையை ஆராயும் வானிலை விஞ்ஞானி ஆக வேண்டும் என்று ஆசை. பூமிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருக்கிறது. ஆனால் வானிலையியலை நான் பாடமாகப் படித்ததில்லை. இனி மாற முடியுமா? உண்மையில் இந்த விஞ்ஞானிகள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள்? வீட்டில், "பத்து வருஷம் படிச்ச பிறகும் நிரந்தர வேலை இல்லைன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்கிறார்கள். இனி செயற்கை நுண்ணறிவே வானிலையைச் சொல்லிவிடும், நீ எதற்கு என்கிறார்கள் நண்பர்கள். இன்னொன்று: பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதிலே வருவதில்லை. எப்படித்தான் எழுதுவது?

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: முடியும். இயற்பியல் படித்தவர் இந்தத் துறைக்கு வெளியாள் கிடையாது. காலநிலை ஆய்வில் பெரிய பங்களிப்புச் செய்த பலர் வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள்தான். கில்பர்ட் வாக்கர் கணிதக்காரர். 1904ல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அந்தத் துறையே அவருக்குப் புதிது. 1958ல் ஹவாயின் மவுனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கிய சார்லஸ் கீலிங் வேதியியல் படித்தவர். அண்டார்க்டிக் ஓசோன் துளைக்கு என்ன காரணம் என்று விளக்குவதில் முன்னின்ற சூசன் சாலமனும் வேதியியலாளர். கிளாஸ் ஹாசல்மான் பாய்மங்களின் (திரவம், வாயு) கொந்தளிப்பிலும் கடல் அலைகளிலும் தொடங்கி, பிறகு காலநிலைக்கு வந்து, 2021ல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒரு குறிப்பிட்ட வெப்ப அலையில் காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் ஃப்ரீடரிக்கே ஓட்டோ, இயற்பியல் படித்துவிட்டு அறிவியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

எனவே மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் பாடத்திட்டம் எதை விட்டுவைத்தது என்று பார்த்து அதை நிரப்புங்கள். பெரும்பாலான இயற்பியல் இளநிலைகளில் பாய்ம இயக்கவியல் ஓரிரு அத்தியாயங்களோடு முடிந்துவிடும். இந்தத் துறையில் அதுதான் அடித்தளம். சுழலும் கோளத்தின் மேல் ஒரு மெல்லிய பாய்ம அடுக்கு எப்படி நகரும், பூமியின் சுழற்சியால் எழும் கோரியோலிஸ் விசை காற்றை ஏன் சம அழுத்தக் கோடுகளுக்கு இணையாகத் திருப்புகிறது என்பதெல்லாம் கையால் எழுதிப் பழக வேண்டியவை. வெப்ப இயக்கவியல் உங்களுக்குத் தெரியும், ஆனால் ஈரக்காற்றின் வெப்ப இயக்கவியல் தெரிந்திருக்காது. நீராவி மேகத்துளியாக மாறும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம்தான் புயலை ஓட்டுகிறது, வெப்பமண்டலத்தின் மொத்தக் காற்றோட்டத்தையும் ஓட்டுகிறது. கதிர்வீச்சு மூன்றாவது. நான்காவதாகச் சொல்வதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன்: புள்ளியியல். அதிலும் காலத்தொடர்களின் புள்ளியியல். காலநிலைத் தரவில் இந்த மாத வெப்பநிலை போன மாதத்தைச் சார்ந்தே இருக்கும். நூறு மாதத் தரவு கையில் இருந்தால் நூறு தனித்தனிச் சான்றுகள் இருப்பதாக ஆகாது. இது புரியாமல் போக்குக்கோடு வரைந்து "நிரூபணம்" என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம்.

நிரல் எழுதுவதில் பைத்தான் போதும், ஆரம்பத்துக்கு. வளிமண்டலத்தையும் கடலையும் சமன்பாடுகளாகக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பெரிய காலநிலை மாடல்களின் உட்பகுதி இன்னும் பெரும்பாலும் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில்தான் இருக்கிறது. அதை எழுதத் தெரியாவிட்டாலும் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. அரசு வானிலை நிலையத்தில் முன்னறிவிப்பாளர் ஆவது வேறு பாதை. அதற்கு உலக வானிலை அமைப்பு வகுத்துள்ள அடிப்படைப் பயிற்சித் திட்டம் ஒன்று உண்டு. பல நாடுகள் அதை நிறைவு செய்தவர்களையே எடுக்கின்றன. ஆய்வாளர் ஆக அது கட்டாயமில்லை. இரண்டில் எது வேண்டும் என்பதை முதுநிலைப் படிப்பில் சேரும் முன்பே யோசித்துவிடுங்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சான்றிதழில் மட்டும் இல்லை, கேள்வியிலேயே இருக்கிறது. 1963ல் எட்வர்ட் லோரன்ஸ், வளிமண்டலம் போன்ற ஓர் அமைப்பில் தொடக்க நிலையில் இருக்கும் மிகச் சிறிய பிழை வளர்ந்து வளர்ந்து கணிப்பையே விழுங்கிவிடும் என்று காட்டினார். எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு அப்பால் சொல்ல முடியாது என்பது அதன் நடைமுறைப் பொருள். அப்படியானால் 2100ஆம் ஆண்டைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள்? இந்தத் துறைக்கு வந்த நாள் முதல் இந்தக் கேள்வி உங்களைத் துரத்தும். பதில் இதுதான்: முன்னறிவிப்பாளருக்கு இன்றைய வளிமண்டலத்தின் நிலை தெரிய வேண்டும், காலநிலை ஆய்வாளருக்குப் பூமியின் ஆற்றல் வரவுசெலவு தெரிய வேண்டும். சூரியனிலிருந்து எவ்வளவு வருகிறது, எவ்வளவு திரும்பிப் போகிறது, பசுங்குடில் வாயுக்கள் எவ்வளவைப் பிடித்து வைக்கின்றன, கடல் எவ்வளவை உள்ளே வாங்கிக்கொள்கிறது. குறிப்பிட்ட ஒரு தேதியில் மழை வருமா என்று நாம் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகள் சேர்த்துப் பார்த்தால் அந்த மழையின் சராசரி எவ்வளவு, அதன் ஏற்றத்தாழ்வு எவ்வளவு, இரண்டும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று கேட்கிறோம்.

சரி, நாள் முழுவதும் என்ன செய்கிறோம்? சிலர் கப்பலிலும் விமானத்திலும் பனிப்பாறையிலும் அளவெடுக்கப் போகிறார்கள். பெரும்பாலானோர் உட்கார்ந்த இடத்தில் தரவோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம் உருவாக்கிய ஈஆர்ஏ5 என்ற மறுபகுப்பாய்வுத் தொகுப்பு (பழைய அளவீடுகளை இயற்பியல் மாடலோடு சேர்த்து அமைத்த தரவு) 1940லிருந்து இன்றுவரை, உலகம் முழுவதையும் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மணிக்கு மணி வளிமண்டலத்தின் நிலையைத் தருகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடலுக்குள் ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ நான்காயிரம் இருக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழம்வரை இறங்கி ஏறி, வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. தரவுக்குப் பஞ்சமில்லை. அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கண்டுபிடிப்பதில்தான் எங்கள் நேரமெல்லாம் போகிறது.

இதை ஓர் உதாரணத்தோடு கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வேலை உங்களுக்குப் பொருந்துமா என்பதை இதை வைத்தே நீங்கள் தீர்மானிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் உலக சராசரி வெப்பநிலை வரைபடத்தில், 1940களின் நடுவே ஒரு சறுக்கல் உண்டு. எரிமலைத் தூசி, கடலின் இயற்கை ஊசலாட்டம், தொழிற்சாலைப் புகை என்று பலவும் அதற்குக் காரணமாகப் பேசப்பட்டன. 2008ல் டேவிட் தாம்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தத் தொடரிலிருந்து எல் நினோ (பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடேறுவது) முதலான இயற்கை ஊசல்களின் தாக்கத்தைக் கணக்கிட்டுக் கழித்துப் பார்த்தார்கள். மேடுபள்ளங்கள் குறைந்ததும், அதுவரை கண்ணில் படாத ஒன்று துலங்கியது. சரிவு மெதுவாக நடக்கவில்லை. 1945ன் பிற்பகுதியில் ஏறத்தாழ 0.3 டிகிரி, படிக்கட்டில் இறங்கியதுபோல் திடீரென்று விழுந்திருந்தது. அந்த நேரத்தில் பெரிய எரிமலை எதுவும் வெடிக்கவில்லை. நிலத்தில் எடுத்த அளவுகளில் அந்தப் படி இல்லவே இல்லை. கடல் அளவுகளில் மட்டும்தான் இருந்தது.

காரணம் கப்பல்களில் இருந்தது. போர்க்காலத்தில் கடல் வெப்பநிலைப் பதிவுகளில் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தது. அவற்றில் பெரும்பாலும் இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரின் வெப்பத்தை அளந்தார்கள். இயந்திர அறையின் சூடு சேர்ந்து அந்த எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். போர் முடிந்ததும் அமெரிக்கப் பதிவுகளின் பங்கு குறைந்து, பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு ஏறியது. அவர்களோ வாளியைக் கடலில் இறக்கி நீரை மேலே தூக்கி அளந்தார்கள். தூக்கி வருவதற்குள் நீர் கொஞ்சம் ஆவியாகிக் குளிர்ந்துவிடும், எண் குறையும். கடலில் ஒன்றும் நடக்கவில்லை, அளந்தவர்கள்தான் மாறினார்கள். பிறகு வந்த கடல் வெப்பநிலைத் தொகுப்புகள் இதற்கேற்பத் திருத்தப்பட்டன.

இதைப் படிக்கும்போது உங்களுக்குள் ஒரு குறுகுறுப்பு எழுந்ததா? "அப்படியானால் 1941ன் கடைசியில் அமெரிக்கா போரில் இறங்கிய பக்கமும் இப்படி ஒரு படி இருக்க வேண்டுமே" என்றோ, "வாளி மரமா, துணியா, அதனால் வித்தியாசம் வருமா" என்றோ கேட்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால் இந்த வேலை உங்களுடையது. (வாளியால் வித்தியாசம் வரும். துணி வாளி மரவாளியை விட வேகமாகக் குளிரும். அதற்கான திருத்தங்களை உருவாக்கவே சிலர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.) மாறாக, "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இவ்வளவு பாடு" என்று சலிப்புத் தட்டினால், அதுவும் பயனுள்ள பதில்தான். காலநிலை மீதான அக்கறையை வைத்துச் செய்ய வேறு எத்தனையோ வேலைகள் இருக்கின்றன: ஆற்றல் துறை, சட்டம், கொள்கை வகுப்பு, இதழியல், கற்பித்தல். அவை எதிலும் ஆய்வாளரை விடக் குறைவான பயன் என்று நான் நினைக்கவில்லை.

ஓர் எண்ணைச் சொல்வது எங்கள் வேலையில் பாதிதான். அந்த எண்ணை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதையும் அளந்து சொல்வது மறுபாதி. என்னிடம் ஆய்வுக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் தேடுவது அதற்கான பொறுமையைத்தான். மதிப்பெண்ணை அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன்.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும்? 1967ல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் வளிமண்டலத்தை ஒற்றைச் செங்குத்துத் தூணாக எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 2.3 டிகிரி என்று கண்டார்கள். 1979ல் ஜூல் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 டிகிரிக்குள் இருக்கும் என்றது. அதன் பிறகு கணினிகள் எங்கேயோ போய்விட்டன, செயற்கைக்கோள்கள் வந்தன, ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள். 2021ல் வந்த, ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டில்தான் அந்த வீச்சு 2.5 முதல் 4 வரை என்று தெளிவாகச் சுருங்கியது, நடுமதிப்பு 3. ஒரு எண்ணின் இரு ஓரங்களை நெருக்கிக் கொண்டுவர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மேகங்கள்தான் முக்கியத் தடை. சூடாகும் உலகில் தாழ்வான மேகங்கள் குறையுமா கூடுமா என்பது அவ்வளவு சிக்கலானது. இந்த இடைப்பட்ட காலத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் உழைப்பு வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மேகவகையையோ ஒரு கருவியின் பிழையையோ தீர்த்து வைத்ததால்தான் கடைசிச் சுருக்கம் சாத்தியமாயிற்று.

சில நேரம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல், கேட்காத ஒன்றுக்குக் கிடைக்கும். பருவமழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதுதான் வாக்கரின் இலக்கு. உலகெங்கும் இருந்த நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, எதற்கும் எதற்கும் தொடர்பு என்று கணக்கிட்டுப் பார்த்தார். பருவமழைக் கணிப்பு அவர் எதிர்பார்த்த அளவுக்குக் கைகூடவில்லை. ஆனால் பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் அந்தப் பெரிய ஊசல் அவர் கண்ணில் பட்டது. தென் அலைவு என்று பெயர் வைத்தார். அதற்கான இயற்பியல் காரணத்தை, அதாவது எல் நினோவோடு அதற்குள்ள உறவை, ஜேக்கப் பியர்க்னெஸ் விளக்கியது 1969ல். வாக்கர் இறந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

முனைவர் பட்டத்துக்கு வருவோம். நாட்டைப் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகள் ஆகும். உதவித்தொகை இல்லாமல், கைக்காசு போட்டு ஆய்வில் சேராதீர்கள். இந்தத் துறையில் உதவித்தொகையோடு கூடிய இடங்கள்தான் வழக்கம். வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது தலைப்பைத் தேர்ந்தெடுப்பதை விட முக்கியம். அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களில் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். கட்டுரையின் வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார், மாணவர் ஒரு முடிவில் அவரோடு முரண்பட்டால் என்ன ஆகும் என்று நேரடியாகவே கேளுங்கள். புகழ்பெற்ற ஒருவரின் கூட்டமான ஆய்வகத்தில் கண்டுகொள்ளப்படாமல் கிடப்பதை விட, வாரம் ஒருமுறை உங்களோடு உட்காரும் ஒருவர் மேல்.

கேள்வி சிறியதாக இருக்கட்டும். "காலநிலை மாற்றமும் மழையும்" என்று தொடங்குகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுகிறார்கள். "ஒரு கடற்பகுதியில் குறுகிய கால அடைமழை, வெப்பநிலை கூடும்போது எவ்வளவு வேகத்தில் கூடுகிறது" என்பது கேள்வி. அதில் பிடித்துக்கொள்ள ஓர் இயற்பியல் விதி இருக்கிறது: ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை அந்த விகிதத்தில் கூடுகிறதா, அதற்கு மேலா, கீழா, ஏன் என்று நீங்கள் நாலு ஆண்டு நிம்மதியாக உழைக்கலாம்.

வீட்டில் கேட்கும் கேள்வி நியாயமானது. அவர்களிடம் கோபப்படாதீர்கள். முதுநிலை இரண்டு ஆண்டு, முனைவர் பட்டம் நாலைந்து, அப்புறம் போஸ்ட்டாக் என்கிற ஒப்பந்த ஆய்வுப்பணி ஒன்றோ இரண்டோ. பத்து வருஷம் என்று அவர்கள் போட்ட கணக்கு சரிதான். போஸ்ட்டாக் காலம்தான் இந்தப் பாதையில் மிகக் கடினமான பகுதி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஓர் ஒப்பந்தம், முடிந்ததும் வேறு ஊர் அல்லது வேறு நாடு. திருமணம், குழந்தை, பெற்றோரின் உடல்நிலை எல்லாம் வந்து நிற்கும் அதே வயதில் இதுவும் நடக்கிறது. முனைவர் பட்டம் பெறுகிறவர்களின் எண்ணிக்கையை விடப் பல்கலைக்கழகத்து நிரந்தரப் பதவிகள் மிகக் குறைவு. திறமையான பலர் பேராசிரியர் ஆவதில்லை. அதற்கும் அவர்கள் திறமைக்கும் சம்பந்தமில்லை, காலி இடம் இல்லை, அவ்வளவுதான். இந்தச் சுமை பெண்கள் மேல் கூடுதலாக விழுகிறது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் வானிலையியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஜோன் சிம்ப்சன், ஆண்டு 1949. இந்தத் துறையில் பெண்ணுக்கு இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன காலம் அது. அதற்குப் பிறகு அவர் வெப்பமண்டல மேகங்களைப் பற்றிய புரிதலையே மாற்றினார். வெப்பமண்டல மழையை விண்வெளியிலிருந்து அளக்க 1997ல் ஏவப்பட்ட டிஆர்எம்எம் செயற்கைக்கோளின் அறிவியல் பணியையும் முன்னின்று நடத்தினார். இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே குழந்தை பெற்ற பிறகும் ஆய்வைத் தொடர்ந்த பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டார் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. பேராசிரியர் பதவி ஒன்றே வாசல் கிடையாது. அரசு வானிலை மையங்களிலும் விண்வெளி நிறுவனங்களிலும் முழுநேர ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மாடல்களைக் கட்டி, பராமரித்து, வேகப்படுத்தும் மென்பொருள் பொறியாளர்களுக்குத் தேவை கூடிக்கொண்டே போகிறது. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்களுக்குப் புயல், வெள்ள அபாயத்தைக் கணக்கிட ஆள் வேண்டும். காற்றாலை, சூரிய மின்சக்தி நிறுவனங்களுக்கு அடுத்த இருபது ஆண்டில் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். நீர் மேலாண்மை, வேளாண்மை, பொதுச் சுகாதாரம் எல்லாவற்றிலும் இப்படி இடங்கள் இருக்கின்றன. பெரிய தரவைக் கையாண்டு, அதில் எதை நம்பலாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வேலையில்லாமல் நிற்பது அரிது. ஒரு யோசனை: முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டிலேயே உங்களுக்கு நீங்களே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஒப்பந்தம் வரை பார்ப்பேன், அதற்கு மேல் வேறு வாசலைத் தட்டுவேன் என்று. வீட்டிலும் அதைச் சொல்லுங்கள். தெளிவான திட்டம் இருந்தால் பெற்றோரின் பயம் பாதியாகும்.

இனி உங்கள் நண்பர்களின் கேள்வி. அதில் உண்மை இருக்கிறது. 2023ல் ஹுவாவேயின் பாங்கு-வெதர், கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் ஆகியவை வெளிவந்தன. பத்து நாள் உலக முன்கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தந்தன, பல அளவுகோல்களில் வழக்கமான மாடலை முந்தின. 2025ல் ஐரோப்பிய மையமே தன் செயற்கை நுண்ணறிவு மாடலை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் இவை எல்லாம் எதைப் படித்துக் கற்றுக்கொண்டன? நான் மேலே சொன்ன ஈஆர்ஏ5 தரவை. அதை உருவாக்கியதோ இயற்பியல் மாடலும் பல பத்தாண்டு அளவீடுகளும். அடுத்து, அவை நடந்ததைப் பார்த்துக் கற்பவை. நாங்கள் கேட்பது இதுவரை நடக்காத உலகத்தைப் பற்றி. மவுனா லோவாவில் முதல் அளவு எடுத்தபோது பத்து லட்சத்தில் 315 பங்குக்கும் சற்றுக் குறைவாக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இன்னும் ஏறினால் வளிமண்டலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பயிற்சித் தரவே கிடையாது. அங்கே இயற்பியல்தான் துணை. அதே சமயம் காலநிலை மாடலுக்குள்ளேயே, கட்டத்தை விடச் சிறிய மேகங்களை விவரிக்க இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தும் முயற்சிகள் சுறுசுறுப்பாக நடக்கின்றன. உங்கள் வயதில் நான் இருந்தால் இரண்டையும் கற்பேன். ஒன்றுதான் கற்க முடியும் என்றால் இயற்பியலை.

பூமிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தை நான் மதிக்கிறேன். எங்களில் பலர் அந்த எண்ணத்தோடு வந்தவர்கள்தான். ஆனால் அது மட்டுமே துணையாக இருந்தால் சோர்வு சீக்கிரம் வந்துவிடும். நீங்கள் ஒரு கட்டுரை எழுதியதும் கரியமில வாயு குறையப் போவதில்லை. மூன்றாம் ஆண்டில், ஓடாத நிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் இரவில், மேகத்தின் மேல் இருக்கும் ஆர்வம்தான் உங்களை நாற்காலியில் வைத்திருக்கும். பயன் வரும், சுற்றி வரும். வெப்ப அலை எச்சரிக்கை, அணையின் பாதுகாப்புக் கணக்கு, நீதிமன்றத்தில் வைக்கப்படும் சான்று என்று நீங்கள் எதிர்பாராத இடத்தில் அது போய்ச் சேரும்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மவுனா லோவாவின் மாதாந்தரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி, வரைந்து பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏறி இறங்கும் பருவ ஊசலைத் தனியாகப் பிரித்தெடுங்கள். 1960களில் அதன் வீச்சு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். கூடியிருப்பதைக் காண்பீர்கள். உங்கள் கணக்கின் பிழை வரம்பு எவ்வளவு, அதையும் மீறி அந்தக் கூடுதல் நிற்கிறதா என்று சோதியுங்கள். 1964ல் பணத்தட்டுப்பாட்டால் சில மாதங்கள் அளவீடே நின்றுபோனது; அந்த இடைவெளியை எப்படிக் கையாள்வது என்றும் யோசியுங்கள். பிறகு, வடகோளத்துத் தாவரங்கள் இதில் என்ன செய்கின்றன என்று தேடிப் படியுங்கள். சில வாரங்களில் முடிகிற வேலை இது. நாங்கள் செய்வது எல்லாம் இதில் சிறிய அளவில் இருக்கிறது.

அந்த வரைபடமே உங்கள் மின்னஞ்சலுக்கும் உதவும். பேராசிரியர்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: "தங்கள் சிறப்பான ஆய்வைக் கண்டு வியந்தேன், வாய்ப்புத் தரவும்." யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும் கடிதத்துக்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். அவருடைய ஒரே ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள். பத்து வரிக்குள் எழுதுங்கள்: நீங்கள் யார், எந்தக் கட்டுரை, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு குறிப்பான கேள்வி, நீங்கள் செய்த ஒரு சிறு வேலை, அடுத்த ஆண்டு மாணவர்களை எடுக்கிறாரா. வரைபடத்தையும் நிரலையும் இணையுங்கள். தலைப்பு வரியில் "ஆய்வு வாய்ப்பு" என்று போடாமல் உங்கள் கேள்வியின் பொருளைப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அவர் பதில் போடாவிட்டாலும் அவருடைய மாணவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் பெரும்பாலும் பதில் போடுவார்கள், அந்த ஆய்வகத்தில் நாள் எப்படிப் போகிறது என்பதும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.